நிரப்பப்படாத கட்டங்கள்: ஒரு விண்வெளி விளையாட்டின் வரலாறு

அறிவியல் புனைகதையின் வரலாற்றைப் பேசும்போது நாம் நாவல்களையும் இதழ்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். சற்றுத் தாராளமாக இருந்தால் திரைப்படங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, வாய்மொழியாகவே புனைந்து கலைந்துபோன கதைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவை அச்சில் நிற்காதவை என்பது ஒரு காரணம். விளையாட்டு என்ற சொல் நம்மிடம் ஏற்படுத்தும் அலட்சியம் இன்னொரு காரணம். அத்தகைய விளையாட்டுகளுள் ஒன்றின் வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்க்க விழைகிறோம். ஒரு கற்பனை உலகை ஆக்குபவர் யார், ஆக்கப்பட்ட பின் அது யாருக்கு உரியது என்னும் கேள்வி இந்த வரலாற்றின் நடுவே கிடக்கிறது. இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் அது அந்நியமான கேள்வியன்று.

முதலில் வடிவத்தைப் பற்றிச் சில சொற்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. அதில் ஒருவர் நடுவர். உலகம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். பாத்திரம் என்ன செய்கிறது என்பதை ஆடுபவர் சொல்ல, அதன் விளைவை நடுவர் சொல்கிறார். ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பளிக்கிறது. வாளும் மந்திரமும் நிறைந்த அந்த விளையாட்டின் தடத்தில், அதே நிறுவனத்திலிருந்து 1976-இல் ஜேம்ஸ் வார்டின் ‘மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா’ வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பயணிக்கும் ஒரு பிரம்மாண்டமான விண்கலத்துக்குள், தாம் இருப்பது கலம் என்பதையே மறந்துவிட்ட மனிதர்களின் கதை அது. களம் புதிது, ஆட்டத்தின் உள்ளோட்டம் பெரும்பாலும் பழையதே. நிலவறைக்குப் பதில் கலத்தின் அடுக்குகள், பூதங்களுக்குப் பதில் கதிர்வீச்சால் உருமாறிய உயிர்கள்.

வேறுவிதமான முயற்சி அடுத்த ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரிலிருந்து வந்தது. 1973-இல் தொடங்கப்பட்ட ‘கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப்’ போர்க்கள விளையாட்டுகளை வெளியிட்டுவந்த நிறுவனம். அதன் நிறுவனர்களுள் ஒருவரும் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவருமான மார்க் மில்லர், 1977-இல் ‘டிராவலர்’ என்ற விளையாட்டை வடிவமைத்தார். கறுப்பு அட்டைப் பெட்டி, அதற்குள் மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்கள். பெட்டியின் மேல் படம் எதுவும் இல்லை. ஆபத்தில் சிக்கிய பெயோவுல்ஃப் என்னும் வணிகக் கலம் உதவி கேட்டு அனுப்பும் செய்தி மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. விண்வெளி என்பது தொலைவும் தனிமையும் என்பதை அந்த அட்டையே சொல்லிவிட்டது.

பாத்திரத்தை உருவாக்கும் முறையில்தான் மில்லரின் தனித்தன்மை முதலில் புலப்படுகிறது. முந்தைய விளையாட்டுகளில் பாத்திரம் அனுபவமற்ற இளைஞராகத் தொடங்கி, ஆட ஆட ஆற்றல் பெறும். இங்கே பதினெட்டு வயதில் ஒருவர் கடற்படை போன்ற விண்படையிலோ, தரைப்படையிலோ, வணிகக் கலங்களிலோ, ஆய்வுப் பிரிவிலோ சேர்கிறார். நான்காண்டு ஒரு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் சில திறன்கள் கிடைக்கும். அதற்கு முன் உயிர் பிழைத்தாரா என்று பகடை உருட்ட வேண்டும். ஆய்வுப் பிரிவில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை ஏழுக்குக் குறைந்தால் மரணம். உடல்தாங்குதிறன் மிகுந்தவர்களுக்குச் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு 36-இல் 15 வாய்ப்பு மரணத்தின் பக்கம். ஆட்டம் தொடங்கும் முன்பே நாயகன் இறந்துபோவான்; வேறு தாள் எடுத்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். இந்த விதி கேலிக்கும் உள்ளானது. 1981-இன் திருத்திய பதிப்பு, மரணத்துக்குப் பதில் காயமுற்று வெளியேறும் மாற்று வழியையும் அனுமதித்தது.

ஆயினும் அந்த விதிக்குள் ஒரு நியாயம் இருந்தது. நீண்ட காலம் பணியில் இருந்தால் திறன்கள் கூடும், மரணமும் நெருங்கும். முப்பத்துநான்கு வயதிலிருந்து முதுமையும் உடலைத் தேய்க்கத் தொடங்கும். எப்போது விலகுவது என்பது ஆடுபவரின் முடிவு. இருபது ஆண்டுகள் நீடித்தவர்களுக்கு ஓய்வூதியம்கூட உண்டு. ஆகவே ஆட்டம் தொடங்கும்போது மேசையில் இருப்பவர்கள் நடுவயதினர், பணியை விட்டு வந்தவர்கள், கடந்தகாலம் உள்ளவர்கள். அதன்பின் வெற்றிகளைக் குவிப்பதால் அவர்களுடைய ஆற்றல் மளமளவென்று ஏறுவதில்லை. கதையை முன்னோக்கித் தள்ளியது வேறொரு விசை. அது கடன்.

எளிய வணிகக் கலம் ஒன்றின் விலை ஏறத்தாழ 3.7 கோடி கிரெடிட். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டு, மாதந்தோறும் விலையில் 240-இல் ஒரு பங்கு வீதம் 480 மாதங்கள் செலுத்த வேண்டும். அதாவது நாற்பது ஆண்டுகள், மாதம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எரிபொருள், சம்பளம், பராமரிப்பு எல்லாம் தனி. சரக்கும் பயணிகளும் போதாத மாதத்தில், கேள்வி கேட்காமல் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் அந்நியரிடம் கலத்தலைவர் என்ன பதில் சொல்வார்? நடுவர் கதையைத் திணிக்கத் தேவையில்லை. தவணை நாளே கதையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இன்னொரு விதி அதைவிட ஆழமானது. ஒளியை மிஞ்சிய பாய்ச்சல் ஒவ்வொன்றும், கடக்கும் தொலைவு எவ்வளவாயினும், ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். கலத்தைவிட வேகமாகச் செய்தி போக வழியில்லை. தந்தி வருவதற்கு முந்தைய பாய்மரக் கப்பல் காலத்தை மில்லர் விண்மீன்களுக்கு இடையே மீட்டுருவாக்கினார் எனலாம். எல்லைப்புறத்தில் போர் மூண்ட செய்தி தலைநகரை எட்டும்போது அது பழங்கதை. அங்கிருந்து வரும் ஆணையும் காலம் கடந்தே வரும். எனவே முடிவுகள் அங்கேயே, அவ்விடத்தில் இருப்பவர்களால் எடுக்கப்பட வேண்டும். ஆடுபவர்களின் செயலுக்கு எடை தந்தது இந்தத் தாமதமே.

முதல் பதிப்பில் உலக வரலாறோ ஆயத்த வரைபடமோ கிடையாது. எட்டுக்குப் பத்து என எண்பது அறுகோணக் கட்டங்கள் கொண்ட வெற்றுத்தாளை நடுவர் எடுத்துக்கொள்வார். கட்டத்துக்கு ஒரு பகடை. பாதி வாய்ப்பில் அங்கே ஓர் உலகம். பின்னர் அதன் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, அரசு, சட்டம், தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகவோ எண்ணாகவோ சுருங்கிவிடும். சில சமயம் நிலாவைவிடச் சற்றுச் சிறிய, காற்றே இல்லாத கோளில் நூறு கோடி மக்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதித் தொழில்நுட்பத்துடன் வாழ்வதாகப் பகடை சொல்லும். அந்த எண்ணைத் திருத்திவிடலாம். அல்லது காரணம் கண்டுபிடிக்கலாம். இவர்களுக்கு மூச்சுக்காற்றை விற்பவர் யார்? விற்பவர் விலையை உயர்த்தினால் என்ன ஆகும்? இப்படிப்பட்ட முரண்களுக்கு விளக்கம் புனையுமாறு விதிநூலே நடுவரைத் தூண்டியது. எண்களுக்குக் காரணம் தேடிய அந்த மாலைகளில் எத்தனையோ பேர் தம்மை அறியாமலே எழுத்தாளர்களாக இருந்திருக்கிறார்கள்.

ஆட்டத்தை நடத்தும் கலைக்கும் இதே மனப்பாங்கு துணைநின்றது. 1980-இல் வந்த ‘76 பேட்ரன்ஸ்’ என்ற துணைநூல், வேலை கொடுக்க வரும் மனிதர்களின் தொகுப்பு. அவர் கேட்பது இன்னதென்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கக்கூடிய உண்மைகளைப் பகடை எண்ணுக்கு ஒன்றாக அடுக்கிவைக்கும். ஒரே வேண்டுகோள் ஒரு மேசையில் நேர்மையான வேலை, இன்னொரு மேசையில் பொறி. ஆடுபவர்கள் என்ன செய்வார்கள் என்று திட்டமிடுவது நடுவரின் வேலையன்று. அவர்கள் எதைச் செய்தாலும் உலகம் எப்படிப் பதில் சொல்லும் என்று அறிந்திருப்பதே அவர் வேலை.

ஆனால் வெற்றுத்தாள் நெடுநாள் வெறுமையாக இருக்கவில்லை. 1979-இல் ‘ஸ்பின்வர்ட் மார்ச்சஸ்’ என்ற எல்லைப் பகுதியின் நானூறுக்கும் மேற்பட்ட உலகங்களை நிறுவனமே பட்டியலிட்டு வெளியிட்டது. மூன்றாம் பேரரசு என்னும் மாபெரும் பின்புலம் வளர்ந்தது. அதே ஆண்டில் தொடங்கிய அதன் இதழில், பேரரசின் செய்திகள் தேதியிட்டு வந்தன. வாசகர்கள் அவற்றை ஆவலுடன் படித்தார்கள். தம் மேசைகளின் வரலாற்றை அவற்றோடு பொருத்திக்கொண்டார்கள். பொதுவான ஓர் உலகம் கிடைத்ததில் மகிழ்ச்சி இருந்தது. அதற்கான விலை பின்னால் தெரிந்தது.

1987-இல் வந்த ‘மெகாடிராவலர்’ பதிப்பு, பேரரசர் ஸ்ட்ரெஃபான் படுகொலை செய்யப்பட்டு உள்நாட்டுப் போர் மூண்டதாக அறிவித்தது. 1993-இன் ‘நியூ எரா’ பதிப்பில், கணினிகளைப் பீடித்த ஒரு நுண்கிருமி எஞ்சிய நாகரிகத்தையும் சிதைத்தது. விற்பனைக்குப் புதிய கதை தேவை என்பது நமக்குப் புரியாததன்று. ஆனால் பத்தாண்டுக்கு மேலாக ஒரு கோளை வளர்த்துவந்த நடுவர் ஒருவர், அது அழிந்துவிட்டதென அச்சில் படிக்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள். 1996-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 1998-இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட பதிப்பில் அந்தப் படுகொலை நிகழவே இல்லை. அந்த வரிசையின் பதிப்பாசிரியர் லோரன் வைஸ்மன், முதல் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 2008-இல் மங்கூஸ் நிறுவனம் வழி விளையாட்டு மீண்டும் உயிர்பெற்றது.

அச்சிட்ட வரலாறு எத்தனை முறை மாறினாலும், எந்தப் பேரரசர் எப்போது இறந்தார் என்பதை இறுதியில் அந்தந்த மேசையே தீர்மானித்தது. தலைநகரின் ஆணை எல்லையை எட்டத் தாமதமாகும் என்று மில்லர் விதித்தது பதிப்பாளருக்கும் பொருந்திவிட்டது. நூல் முடிந்த பின்னும் அதன் மாந்தரைப் பற்றி நாம் நண்பர்களோடு வாதிடுகிறோம் அல்லவா? அந்த உரிமையை விதியாகவே எழுதிக் கொடுத்ததுதான் அந்த மூன்று கறுப்புப் புத்தகங்களின் சாதனை என்று கருதுகிறோம்.