தொலைநிலை உரைத் தொகுப்பில் முனையப் பிழைகள்: வரலாறு

எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினியில் நுழைந்து நிரல் கோப்பைத் திருத்த முனையும்போது, முனையம் அறியப்படாதது என்ற பிழைச்செய்தியுடன் உரைத் தொகுப்பி திறக்க மறுப்பதுண்டு. இணைப்பில்தான் கோளாறு என்று பலரும் கருதுவர். பெரும்பாலும் இணைப்பு சரியாகவே இருக்கும். முனையத்தின் பெயர் மட்டும் மறுமுனைக்குச் சென்று, அதன் விவரம் செல்லாததே காரணம். இந்த ஏற்பாட்டின் வேர் 1970களில் உள்ளது.

முனையங்களின் காலம்

அக்காலத்தில் திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட முனையங்கள் மையக் கணினியுடன் இணைக்கப்பட்டிருந்தன. திரையைத் துடைக்கவும் கர்சரை நகர்த்தவும் ஒவ்வொரு நிறுவனத்தின் முனையமும் வெவ்வேறு குறியீடுகளை எதிர்பார்த்தது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய், லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ முனையத்தில் விஐ தொகுப்பியை உருவாக்கினார். அம்முனையத்தின் எச், ஜே, கே, எல் விசைகளில் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐயில் கர்சரை நகர்த்த இன்றும் அவ்விசைகளே பயன்படுகின்றன.

நொடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்திலும் விஐ பயன்பட வேண்டியிருந்தது. எனவே முழுத் திரையையும் திரும்ப வரையாமல், மாறிய பகுதியை மட்டும் வரைவது அவசியமாயிற்று. அதற்கு முனையத்தின் திறன்களைத் தொகுப்பி அறிந்திருக்க வேண்டும். இத்தேவைக்காக ஜாய் டெர்ம்கேப் என்னும் விவரக் கோப்பை அமைத்தார். டெர்ம் என்ற சூழல் மாறி முனையத்தின் பெயரைச் சொல்லும்; நிரல் அப்பெயரைக் கோப்பில் தேடிக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளும். 1980களின் தொடக்கத்தில் மார்க் ஹார்ட்டன் உருவாக்கிய டெர்மின்ஃபோவில் ஒவ்வொரு முனையத்தின் விவரமும் தொகுக்கப்பட்ட தனிக் கோப்பானது.

எஸ்எஸ்எச் வருகை

டெல்நெட், ஆர்லாகின் ஆகியவை கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பின. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைத் தொடர்ந்து, டாட்டு யுலோனென் 1995இல் எஸ்எஸ்எச்சை எழுதினார். தரவு மறையாக்கம் பெற்றது. முனைய ஏற்பாடு பழையபடியே நீடித்தது. 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4254இன்படி, போலி முனையம் கேட்கும் செய்தியில் டெர்ம் மாறியின் மதிப்பும் திரையின் அளவும் முனைய அமைவுகளும் செல்கின்றன. முனையத்தின் விவரம் அதில் இல்லை. அது மறுமுனையில் முன்பே இருந்தாக வேண்டும்.

பிழைகளும் தீர்வும்

கிட்டி, கோஸ்ட்டி போன்ற புதிய முனைய மென்பொருள்கள் தமக்கெனத் தனிப்பெயர் கொண்டவை. பழைய வழங்கியில் அப்பெயருக்கான கோப்பு இராது, பிழை எழுகிறது. டெர்ம் மதிப்பை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று மாற்றுவது உடனடி வழி. ஆனால் இரண்டின் திறன்களும் வேறுபடும் இடங்களில் திரை சிதையலாம், விசைகள் பிறழலாம். முறையான தீர்வு, இன்ஃபோகம்ப் கட்டளையால் விவரத்தை உரையாக எடுத்து, வழங்கியில் டிக் கட்டளையால் தொகுப்பதாகும். பயனரின் சொந்த அடைவிலேயே அதை வைக்கலாம் என்பதால் நிர்வாகியின் அனுமதி தேவையில்லை.

எஸ்எஸ்எச் கட்டளையிலேயே தொகுப்பியின் பெயரைச் சேர்த்து இயக்கும்போது போலி முனையம் தானாகக் கேட்கப்படுவதில்லை. அப்போது எழும் பிழை வேறு வகையைச் சேர்ந்தது. -டி விருப்பத்தைச் சேர்த்தால் நீங்கும்.