மாயாவியின் கை மட்டும் தெரியும்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் டிவியில் ஏதோ ஒரு ஆங்கிலப் படத்தின் தமிழ் டப்பிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தில் ஓட்டை விழுகிறது, அதிலிருந்து யார் யாரோ இறங்குகிறார்கள், பத்து மாடிக் கட்டடங்கள் அப்பளம்போல நொறுங்குகின்றன. அரை மணி நேரம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே விளங்கவில்லை.

"தாத்தா, ஒங்க காலத்துல சூப்பர் ஹீரோ உண்டா?" என்று கேட்டான்.

"உண்டுடா. சிவகாசியிலேர்ந்து பஸ்ல வருவாரு" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சொன்னது உண்மை. என் வயதுக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்: இரும்புக்கை மாயாவிதான்.

1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. சென்னையில் பிறக்காமல் சிவகாசியில் ஏன் பிறந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு தீப்பெட்டிக் கதை உண்டு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன, பிறகு காலண்டர், டைரி என்று தொழில் விரிந்தது. கலர் அச்சு கைவந்த ஊரில்தான் காமிக்ஸ் போடும் துணிச்சல் ஒருவருக்கு வந்தது.

மாயாவி நம்மூர்க்காரர் இல்லை. 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் தொடங்கிய தொடர் அது. முதலில் எழுதியவர் கென் புல்மர், படம் போட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். கதை உங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கூட உதவியாளர் லூயி கிராண்டேல். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்துவிடும், மறுபடி பிளக் பாயின்ட்டைத் தேட வேண்டும். நம்ம ஊர் கரண்ட் கட்டில் மாயாவி என்ன செய்திருப்பார் என்று அந்தக் காலத்தில் டீக்கடையில் விவாதித்திருக்கிறோம்.

இன்றைய நாயகர்களிடம் நான் காணாதது அந்தப் பிளக் பாயின்ட்தான். சக்திக்கு ஓர் எல்லை இருந்தால்தான் கதையில் பயம் இருக்கும். மாயாவி மறைந்து நின்றாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். கையை எங்கே ஒளிப்பார் என்று நாம் பக்கத்தைத் திருப்புவோம். எல்லாம் முடிந்த ஒருவர் எதையும் செய்வார் என்றால், எனக்கு அதில் என்ன கவலை?

இன்னொரு விஷயம். கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவர் இல்லை. சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கத்தான் போனார், பிறகுதான் திருந்தி உளவுப் படையில் சேர்ந்தார். ஸ்பைடரும் அப்படியே. 1984இல் விஜயன் அவர்களின் லயன் காமிக்ஸ் நமக்குக் கொண்டுவந்த அந்தக் கூர்க்காது ஸ்பைடரைச் சொல்கிறேன், சுவரில் ஏறும் அமெரிக்கப் பையனை அல்ல. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வந்தவர் பிறகு கட்சி மாறினார். அந்த ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938இல் சூப்பர்மேனின் உரிமையையே இருவரும் சேர்ந்து 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கைப்பட எழுதிய வேறொரு நாயகனை நம்ம பக்கத்துப் பையன்கள் பெட்டிக்கடைக் கயிற்றிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்குமா?

நான் பையனாக இருந்து படித்தவன் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் வேலை நிமித்தம் நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே டின்டின் படிப்பது கேவலம் இல்லை, வாத்தியாரே படிப்பார். சர்வீஸ் கமிஷன் எழுதிப் பாஸ் செய்து எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது பேசும் தமிழ் சரளம், கோப்பில் குறிப்பு எழுதும் தமிழ் தடுமாற்றம். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய முத்து காமிக்ஸ்தான் வேகமாகத் தமிழ் படிக்கப் பழக்கியது. அரசு உத்தியோகஸ்தன் பொம்மைப் புத்தகம் படிக்கிறான் என்று சிரித்தார்கள். ஃபைலுக்குள் வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வருவார். மில்லில் மெஷினில் சிக்கி வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கலாம். சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். அவர் தெருப் பையன்கள் அவரை 'மாயாவி' என்று கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் பியூன் சொன்னார். ஒரு சான்றிதழுக்காக மனுக் கொடுத்திருந்தார். அது என் மேஜையில்தான் இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, வராந்தாவில் நின்று, 'நாளைக்கு வாங்க' கேட்டுவிட்டுப் போவார். மனுவில் ஒன்றும் குறையில்லை. மேலே வேறு கட்டு விழுந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். நான் எடுத்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் அவர் வருவதைப் பார்த்துப் பியூனிடம் மெதுவாக, "மாயாவி வந்துட்டாரு" என்றேன். மெதுவாகச் சொன்னதாக நினைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து, ஃபைலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார். "அந்தப் புஸ்தகம் நானும் படிச்சிருக்கேன் சார். அவருக்குக் கரண்ட்ல கைய வச்சாத்தான் ஆளு மறையும், கை மட்டும் தெரியும். எனக்குக் கை போச்சு. இந்த ஆபீசுக்குள்ள வந்தா ஆளும் தெரிய மாட்டேங்கேன்" என்றார்.

அன்றைக்கே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்த இதழையாவது கொடுத்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. ராஜபாளையம் போகும்போதெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைத் தேடுவேன். பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எண்பதுகளில் கடைக் கயிறு நிறைந்தது. லயன் வந்த அதே 1984இல் ராணி காமிக்ஸும் வந்தது. எனக்குப் பெரிய ஆச்சரியம், புதுச்சேரியில் பிரெஞ்சில் சந்தித்தவர்கள் சிவகாசி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. லக்கி லூக் வந்தார். 'இஸ்னோகுட்' என்ற சூழ்ச்சிக்கார மந்திரி, 'மதியில்லா மந்திரி' என்று வந்தார். மூலத்தில் அந்தப் பெயரே ஓர் ஆங்கிலச் சிலேடை, 'உருப்படாதவன்' என்று காதில் விழும். அதை மொழிபெயர்க்க முடியாது என்று நினைத்திருந்தேன். சிவகாசிக்காரர்கள் மூலத்தைவிட நல்ல பெயராக வைத்துவிட்டார்கள். நடுவில் இதழ்கள் தள்ளாடி, 2012இல் லயன் புதுத் தெம்போடு திரும்பியபோது, ரிட்டயர் ஆன கையோடு நானும் சந்தா கட்டினேன். நல்ல தாள், முழு வண்ணம். விலைதான் பென்ஷன்காரனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

படங்களுக்கு வருகிறேன். 2012இல் மிஷ்கினின் 'முகமூடி' வந்தபோது ஆசையோடு போனேன். சண்டை நன்றாக இருந்தது, முகமூடி ஏன் என்பதுதான் புரியவில்லை. அதற்கு முன் 2010இல் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எனக்குப் பிடிக்கும். காமிக்ஸில் கௌபாய் கதை படித்து வளர்ந்த தலைமுறைக்குப் போட்ட சலாம் அது. 2019இல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், இளைஞர்கள் பலர் ஒட்டவில்லை என்று குறைப்பட்டார்கள். அதே குரல் 2023இல் மடோன் அஸ்வினின் 'மாவீரன்' படத்தில் கச்சிதமாக ஒட்டியது. பத்திரிகைக்குப் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளிப் பையன், அவன் காதில் மட்டும் ஒலிக்கும் வீரக்குரல். வில்லன் வேற்றுக்கிரகத்துக்காரன் இல்லை. குடிசை மக்களுக்குக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி, தொட்டால் உதிர்கிறது. அதற்கு யார் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று அரசு அலுவலகத்தில் உட்கார்ந்தவனுக்குத் தோன்றாமல் இருக்குமா? அந்தப் பையனுக்கு நேர்ந்தது போலவே, சில சொற்கள் எனக்கும் அவ்வப்போது காதில் கேட்கும். "ஆளும் தெரிய மாட்டேங்கேன்."

'இரும்புக்கை மாயாவி' என்று ஒரு படம் எடுக்கும் ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். இப்போதைய கிராபிக்ஸில் ஆளை மறைப்பது பெரிய வேலை இல்லை. ஊரை இடிப்பதும் எளிது. எனக்குப் பயம் அந்தக் கையைப் பற்றித்தான். குண்டும் லேசரும் பொருத்தி அதைப் பீரங்கி ஆக்கிவிடுவார்களோ என்று நினைக்கிறேன். சொல்லப்போனால் மூலக் கதையிலேயே பிற்பாடு அந்தக் கைக்குள் ஆயுதங்கள் வந்துவிட்டன, எனக்கு அந்தப் பகுதி அவ்வளவாகப் பிடிக்காது. விபத்தில் கையிழந்த ஒரு தொழிலாளி, கரண்ட் தேடி அலைகிறவன், மறைந்தாலும் முழுசாக மறைய முடியாதவன். அவ்வளவு போதும்.

இதைப் பேரனிடம் சொன்னேன், மேஜைக் கதையையும் சேர்த்து. டிவியை அணைத்துவிட்டுக் கேட்டான். பிறகு அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஓர் இதழை எடுத்து, "இதுதான் அவர் பாத்ததா?" என்றான்.

"அது இல்லை, அதே மாதிரி ஒண்ணு" என்றேன். எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். இங்கிலீஷ் மீடியம், தமிழ் கொஞ்சம் தடுமாறுகிறது.

படம் வந்தால் ராஜபாளையத்தில் பார்ப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம். டிக்கெட்டை அவன் போனிலேயே எடுத்துவிடுவானாம். பஸ் செலவு என்னுடையது.