இருமல் மருந்தும் ஊக்கமருந்தும்: ஆஸ்துமா மருந்துகள் விளையாட்டுக் களத்துக்கு வந்த வரலாறு

2019 ஜூலை 30 அன்று, 19 வயது மட்டையாளர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாத இடைநீக்கம் விதிக்கப்பட்டிருப்பதாக இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று, சையத் முஷ்டாக் அலி கோப்பைப் போட்டிகளின்போது இந்தூரில் பெறப்பட்ட அவருடைய சிறுநீர் மாதிரியில் டெர்பூட்டலின் என்னும் வேதிப்பொருள் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய இருமல் மருந்தைக் குடித்ததே காரணம் என்று அவர் தந்த விளக்கத்தை வாரியம் ஏற்றது. ஆட்டத்திறனைக் கூட்டும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆயினும் தண்டனை நிலைத்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2018 ஜனவரியில், யூசுப் பதானின் ஐந்து மாத இடைநீக்கம் வெளியானபோதும் பொருள் டெர்பூட்டலின்தான். விளக்கம் இருமல் மருந்துதான்.

தமிழ்ச் செய்திமொழியில் இத்தகைய நிகழ்வுகள் அனைத்துக்கும் ஒரே பெயர்: ‘ஊக்கமருந்து’. இச்சொல்லுக்குள் இரண்டு முன்முடிவுகள் உள்ளன. மருந்து ஊக்கம் தரும் என்பது ஒன்று. ஊக்கம் கருதியே அது உட்கொள்ளப்பட்டது என்பது மற்றொன்று. ஷாவின் நேர்வில் இரண்டாவதை வாரியமே மறுத்துவிட்டது. முதலாவது உண்மையா? ஆஸ்துமா மருந்து தசைக்கு வலுவூட்டுமா? ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இதற்குத் தரும் விடை, நம் வீடுகளில் நிலவும் நம்பிக்கைக்கு நேர்மாறானது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘ஆஸ்துமா’ என்பதன் கிரேக்க மூலச்சொல் இலியட் காவியத்தில் நோயைக் குறிக்கவில்லை. போரில் களைத்த வீரனின் மூச்சுத் திணறலைக் குறித்தது. தமிழின் ‘இரைப்பு’ம் அவ்வாறே. ‘மூச்சிரைக்க ஓடினான்’ என்கிறோம். ‘இரைப்பு நோய்’ என்றும் சொல்கிறோம். ஓடுபவனையும் நோயுற்றவனையும் ஒரே சொல்லால் குறிப்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. பிற்காலத்தில் இருவருக்கும் ஒரே மருந்து பொதுவாகி, அதுவே வழக்காகவும் மாறியது.

சீன மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிய மா ஹுவாங் என்னும் செடியிலிருந்து 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங்கில் கே. கே. சென், கார்ல் ஷ்மிட் ஆகியோர் அதன் மருந்தியல் விளைவுகளை வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் வளரும் எஃபெட்ராச் செடிகளைக் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ரா ஆராய்ந்தார். எஃபெட்ரின் மூச்சுக்குழலை விரித்தது. அதனுடன் இதயத் துடிப்பைக் கூட்டியது, மூளையையும் தூண்டியது. சிகிச்சையும் ஊக்கமும் ஒரே மாத்திரைக்குள் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்த காலம் அது.

அக்கலப்பின் விலையைக் கொடுத்தவர் அமெரிக்க நீச்சல் வீரர் ரிக் டிமோன்ட். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில், 16 வயதில், 0.01 நொடி வேறுபாட்டில் அவர் முதலிடம் பெற்றார். அவர் உட்கொண்ட ஆஸ்துமா மாத்திரையில் எஃபெட்ரின் இருந்ததால் பதக்கம் பறிக்கப்பட்டது. மருந்தைப் பற்றி அவர் முன்னரே எழுதிக் கொடுத்திருந்தார். அணியின் மருத்துவர்கள் அதை ஒலிம்பிக் குழுவுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை. அவர் தம் மருந்தை உரியவாறு அறிவித்திருந்தார் என்பதை அமெரிக்க ஒலிம்பிக் குழு ஒப்புக்கொள்ள 2001 ஆயிற்று. பதக்கம் திரும்பவில்லை.

அதற்குள் மருந்தியல் வெகுதூரம் நகர்ந்திருந்தது. அட்ரினலின் செயற்படும் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்று ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் காட்டினார். பீட்டா ஏற்பிகளிலும் இரு வகை உண்டு என்று 1967இல் லேண்ட்ஸ் குழுவினர் வகுத்தனர். முதல் வகை பெரிதும் இதயத்தில். இரண்டாம் வகை மூச்சுக்குழலில். இரண்டாம் வகையை மட்டும் குறிவைக்கும் சால்பியூட்டமால் 1969இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஸ்வீடனில் உருவான டெர்பூட்டலினும் அதே தலைமுறையைச் சேர்ந்தது. இதயத்தைப் பெரிதும் தொந்தரவு செய்யாமல் மூச்சை மட்டும் திறக்கும் மருந்து கிடைத்துவிட்டதாகத் தோன்றியது.

ஆனால் பீட்டா-2 ஏற்பிகள் எலும்புத் தசைகளிலும் நிறைந்துள்ளன. சால்பியூட்டமால் மாத்திரை உட்கொண்ட எவரும் இதைத் தம் கைகளில் கண்டிருப்பர்: விரல்கள் நடுங்கும். அந்நடுக்கம் தசையிலுள்ள இவ்வேற்பிகள் தூண்டப்படுவதன் விளைவு. தூண்டல் வலுவாகவும் நெடுநாளும் நீடித்தால் தசையில் புரத ஆக்கம் கூடும், சிதைவு குறையும். இதே குடும்பத்தின் கிளென்பியூட்டரால் 1992இல் பெயர்கெட்டது இதனால்தான். அவ்வாண்டு ஜெர்மானிய ஓட்டக்காரர் காத்ரின் கிராபேயின் மாதிரியில் அது காணப்பட்டது. பார்சலோனா ஒலிம்பிக்கிலிருந்து பிரிட்டனின் இரு பளுதூக்கும் வீரர்கள் அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டனர். அதே 1992இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா இல்லாத இளைஞர்கள் மெதுவாகக் கரையும் சால்பியூட்டமால் மாத்திரையை 21 நாள் உட்கொண்டபோது தொடைத்தசையின் வலு சுமார் 12 விழுக்காடு கூடியது.

இங்கே ‘மாத்திரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வெளிப்படும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். வழக்கமான மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது நாற்பது அழுத்தங்களுக்கு நிகரான அளவு. அதில் ஒரு பகுதி குடலிலும் கல்லீரலிலும் செயலிழந்தாலும், எஞ்சியது இரத்தத்தின் வழியே உடலின் எல்லாத் தசைகளுக்கும் செல்கிறது. இன்ஹேலரிலோ, சிறிய அளவு நேரே நுரையீரலைச் சேர்கிறது. ஆஸ்துமா இல்லாத விளையாட்டு வீரர்கள் வழக்கமான அளவில் மருந்தை உறிஞ்சினால் ஓட்டத்திறனோ தசைவலுவோ குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்பதே 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வின் முடிவு. சிகிச்சைக்குரிய அளவைப் பன்மடங்கு மீறி உறிஞ்சினால் வலு கூடுவதைக் கோபன்ஹேகன் ஆய்வுகள் பின்னர் காட்டின. ஆக, ஒரே மூலக்கூறு செல்லும் வழியையும் அளவையும் பொறுத்தே சிகிச்சையாகவோ ஊக்கமாகவோ ஆகிறது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா இருந்தது. அவர்கள் 41 பதக்கங்கள் வென்றனர். மூச்சு சீரானதும் மற்றவர்களோடு சமநிலையில் போட்டியிட்டவர்கள் இவர்கள் என்று கொள்வதே பொருந்தும்.

விதிகளும் இந்த வேறுபாட்டின் மேல்தான் எழுந்தன. 2010 முதல் சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு முன் அனுமதி தேவையில்லை. இன்று அதன் வரம்பு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம். எந்த 8 மணி நேரத்திலும் 600ஐ மீறக்கூடாது. ஃபார்மோடெரால், சால்மெடெரால் ஆகியவற்றுக்கும் இத்தகைய வரம்புகள் உண்டு. மாத்திரையாகவோ சிரப்பாகவோ உட்கொண்டால் இவை அனைத்தும் தடைக்குரியவை. டெர்பூட்டலினுக்கு எவ்வடிவிலும் சலுகை இல்லை. தேவைப்படுவோர் மூச்சுத்திறன் சோதனைச் சான்றுகளுடன் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குப் பெற வேண்டும்.

இந்தியச் சூழலின் இடர் இங்கேதான் உள்ளது. டெர்பூட்டலினைப் புரோம்ஹெக்சின், குவைஃபெனசின் ஆகியவற்றோடு கலந்த இனிப்புச் சிரப்புகள் நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. இருமலுக்கு அதைக் குடிப்பவர் ஆஸ்துமா மருந்து உட்கொள்வதாக எண்ணுவதில்லை. இன்ஹேலரைக் கண்டாலோ வீடே அஞ்சுகிறது: ‘அது கடைசி மருந்து’, ‘பழகிவிட்டால் விடாது’, ‘அதில் ஸ்டீராய்டு இருக்கிறது’. இந்தக் கடைசி அச்சத்தில் இரு வேறு பொருள்கள் ஒரே சொல்லில் மயங்குகின்றன. தசையைப் பெருக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு வேறு. ஆஸ்துமாவுக்கான கார்ட்டிகோஸ்டீராய்டு வேறு. பின்னதை மாத்திரையாக நெடுநாள் உட்கொண்டால் தொடை, இடுப்புத் தசைகள் தளர்ந்து, குந்திய நிலையிலிருந்து எழுவதே கடினமாகலாம். மிகச் சிறிய அளவில் உறிஞ்சும்போது அவ்விளைவு அரிது; விளையாட்டு விதிகளும் அதை அனுமதிக்கின்றன. சிரப் மென்மையானது, மாத்திரை நடுத்தரம், இன்ஹேலர் கடுமையானது என்பது வீட்டுத் தரவரிசை. தசையைச் சென்றடையும் மருந்தின் அளவைக் கொண்டு பார்த்தால் அவ்வரிசை தலைகீழாகும்.

பெங்களூருவில் இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. இந்நகரில் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட சிறாரிடையே ஆஸ்துமா 1979இல் 9 விழுக்காடாகவும் 1999இல் 29.5 விழுக்காடாகவும் இருந்ததாக மருத்துவர் எச். பரமேஷ் பதிவு செய்துள்ளார். இவை மருத்துவமனை எண்கள். நகரின் மொத்த மக்கள்தொகைக்கு அப்படியே பொருத்தலாகாது. எனினும் வளர்ச்சியின் திசை தெளிவானது. 2024 வரை தேசியக் கிரிக்கெட் அகாதெமி என வழங்கிய கிரிக்கெட் வாரிய மையமும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையமும் அமைந்திருப்பது இந்நகரில்தான். பயிற்சிக்கு வரும் இளைஞர்களுள் இரைப்புடையோரும் இருப்பர்.

ஷாவின் தண்டனை வெளியான சில நாட்களில், 2019 ஆகஸ்டில், கிரிக்கெட் வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனைக்கு உட்பட இசைந்தது. 2022இல் தனிச் சட்டமும் வந்தது. சோதனை விரிந்த வேகத்தில் சொல்விளக்கம் விரியவில்லை. ‘ஊக்கமருந்து’ என்றதும் ஊசியையும் சதியையும் கற்பனை செய்யும் மாணவர், தம் பையிலுள்ள இருமல் மருந்தை அச்சொல்லோடு இணைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. சக வீரர்கள் காண்பரே என்று இன்ஹேலரை மறைத்துவிட்டுச் சிரப்பைக் குடிப்பவர், சிகிச்சையையும் இழக்கிறார், தடைக்கும் ஆளாகிறார். சட்டம் நோக்கத்தைக் கருதித் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

ஆகவே ‘ஊக்கமருந்து’ என்பதற்குப் பக்கத்தில், ‘தடைசெய்யப்பட்ட மருந்து’ என்னும் நடுநிலைச் சொல்லும் நம் செய்திமொழியிலும் பாடநூல்களிலும் வழங்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னது விளைவையும் நோக்கத்தையும் முன்கூட்டியே தீர்ப்பிடுகிறது. பின்னது, புட்டியின் மேலுள்ள பெயரைப் படிக்கச் சொல்கிறது. மருந்தியலும் விளையாட்டு மருத்துவமும் பயிலும் நண்பர்கள் தங்கள் கருத்துகளைப் பகிருமாறு வேண்டுகிறேன்.