கோவையில் வேலை இருக்கு... வாழ வசதி இருக்கா? இளைஞர்களைத் தக்கவைக்க நகரம் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி... கோவையின் ஓரத்தில் இருந்த இந்த ஊர்களில்தான் இப்போது ஐடி வேலைகள் குவிந்திருக்கின்றன. 2010-ல் திறக்கப்பட்ட டைடல் பார்க்குக்குப் பிறகு இந்தப் பக்கம் நகரம் வேகமாக வளர்ந்தது. மதுரை, தேனி, சேலம், ஈரோடு எனப் பல மாவட்ட இளைஞர்கள் இங்கே வேலைக்கு வருகிறார்கள்.

வருவது சரி, தங்குவார்களா? நல்ல சம்பளத்தில் பெங்களூருவிலிருந்து அழைப்பு வந்தால், "இல்லை, எனக்குக் கோவையே போதும்" என்று சொல்ல வைப்பது எது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வீடு: அட்வான்ஸ்தான் முதல் தலைவலி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கட்ட வேண்டியிருக்கிறது. "பேச்சிலருக்கு வீடு இல்லை" என்ற பதில் வேறு.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தகராறு வந்தால்கூட வீட்டு உரிமையாளர் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்த முடியாது.

சட்டம் இருக்கு, தெரிந்தவர்கள்தான் குறைவு. பெண்கள் விடுதிகளுக்கும் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டாலே, ஊர் தெரியாமல் வரும் பெண்களுக்குப் பெரிய உதவி.

2. போக்குவரத்து: மேலே பாலம், கீழே நடைபாதை?

உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்ட்டிலும், அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீள ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரிலும் திறக்கப்பட்டன. காரில் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலரிடம் கார் இருக்காது. அவர்களுக்குத் தேவை அடிக்கடி வரும் பஸ்ஸும், இறங்கி ஆபீஸ் வரை நடக்க ஒரு நடைபாதையும்தான். நடக்கும் இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். டிரான்ஸ்பார்மர், கடை போர்டு, நிறுத்திய பைக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் தெருவில் எவ்வளவு மிஞ்சும்?

3. தண்ணீர்: ருசி மட்டும் போதாது

சிறுவாணித் தண்ணீர் கோவையின் பெருமை. பில்லூர் மூன்றாவது குடிநீர்த் திட்டமும் 2024-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் எந்த நாளில், எத்தனை மணிக்குக் குழாயில் வரும் என்பதுதான் வேலைக்குப் போகிறவரின் கவலை. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் கடைசியில் லாரித் தண்ணீருக்கும் கேனுக்கும் பணம் கொடுக்கிறார்கள். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018-லேயே ஒப்பந்தம் போடப்பட்டது. எந்த வார்டில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று மாதாமாதம் சொன்னால், வீடு பார்ப்பவர்களும் அதற்கேற்ப முடிவெடுக்கலாம்.

4. இரவு: கடை திறந்திருக்கு, தெரு?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019-ல் தமிழ்நாடு அரசு அனுமதி கொடுத்தது. ஐடி வேலையிலும் இரவு ஷிப்ட் சகஜம். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, கடைசி பஸ் போய்விட்டது என்றால் அந்த அனுமதியால் யாருக்கு லாபம்? ஆபீஸ் கேப் மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டால், வீடு வரையுள்ள கடைசி அரை கிலோமீட்டர்தான் பெண்களுக்குப் பயம். அதனால் விளக்கும் ரோந்தும் முதலில் போக வேண்டியது அந்தச் சந்துகளுக்குத்தான்.

5. பொழுதுபோக்கு: காசில்லாமல் உட்கார ஓர் இடம்

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2016-ல் தேர்வான முதல் 20 நகரங்களில் கோவையும் ஒன்று. அதில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் நடக்கும் இடங்களாக மாறின. காந்திபுரத்தில் பழைய சிறை வளாகத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இவை நகரின் நடுவில் இருக்கின்றன. ஐடி ஆபீஸ்கள் இருக்கும் வடக்குப் பக்கத்துக்கும் இதுபோன்ற இடங்கள் வேண்டும்.

எல்லாமே மாநகராட்சி வேலையா?

இல்லை. தெருவிளக்கு, குடிநீர் விநியோகம், குப்பை, பூங்கா ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்திடமும், ரோந்து மாநகரக் காவல்துறையிடமும், வாடகைப் புகார் வாடகை அதிகாரியிடமும் இருக்கின்றன. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டாமல் இருக்க, இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

கணக்கில் வராத இளைஞர்கள்

கோவை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2011-க்குப் பிறகு வேலைக்காக வந்தவர்கள் யாரும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

வாக்குரிமையிலும் இதே கதைதான். கோவையின் 100 வார்டுகளிலும் ஏரியா சபைக் கூட்டங்களில் அந்தப் பகுதி வாக்காளர்கள் கலந்துகொண்டு கோரிக்கை வைக்கலாம். ஓட்டு சொந்த ஊரிலேயே இருந்தால் அந்த இடம் கிடைக்காது.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

* நிரந்தரமாக இங்கேயே இருக்கப்போகிறவர்கள் படிவம் 8 மூலம் வாக்காளர் முகவரியை மாற்றலாம்.
* 2027 பிப்ரவரியில் நடக்கவுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தங்கியிருக்கும் இடத்திலேயே பெயரைக் கொடுக்க வேண்டும். "ஊர்ல அம்மா சொல்லிடுவாங்க" என்று விட்டுவிட்டால், கோவையின் கணக்கில் ஒருவர் குறைவார்.
* வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், முன்பணம் பற்றிய வரியை ஒரு முறை படித்துவிடுங்கள்.