எஸ் எழுத்துப் பெட்டி

அரிய சொற்கள் அகராதிக்காரரை ஒன்றும் செய்வதில்லை. ‘கேட்டமரான்’ வந்தால், தமிழ்க் கட்டுமரம்தான் இது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். உயிரை வாங்குபவை செட், புட், டேக், ரன் மாதிரியான பொடிச் சொற்கள். ஒரு ஆங்கில–தமிழ் அகராதி வேலையில் கார்டு எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். எஸ் எழுத்துப் பெட்டி என் பொறுப்பு. அதில் செட் என்ற சொல்லின் கட்டு மட்டும் ரப்பர் பேண்டுக்கு அடங்காமல் சணல் கயிற்றில் கிடக்கும்.

இந்தத் தொல்லை 1755-லேயே தெரிந்துவிட்டது. லண்டன் காஃப் சதுக்கத்து வீட்டு மாடியில் ஆறு எழுத்தர்களை வைத்துக்கொண்டு சாமுவேல் ஜான்சன் 42,773 சொற்களுக்கு விளக்கம் எழுதினார். அதில் டேக் என்ற ஒற்றை வினைக்கு மட்டும் 134 பொருள், ஐந்து பக்கம். மூன்று ஆண்டில் முடித்துவிடலாம் என்று தொடங்கியவருக்கு ஒன்பது ஆண்டு பிடித்தது.

நூறு ஆண்டு கழித்து, 1857-இல், லண்டன் மொழியியல் சங்கத்தார் ஜான்சனையும் விஞ்சப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகங்களையெல்லாம் படிக்க வைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எந்த வாக்கியத்தில் என்ன பொருளில் வந்தது என்று சேகரிப்பது திட்டம். பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஆனது இதுதான். சங்கத்தாரே அத்தனையும் படிக்க முடியுமா? பொதுமக்களை அழைத்தார்கள். பாதிரியார், பள்ளி ஆசிரியர், வீட்டுப் பெண்கள் என்று பலரும் துண்டுச் சீட்டில் சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், மேற்கோள் எல்லாம் எழுதி அனுப்பினார்கள். முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-இல் முப்பது வயதிலேயே இறந்துபோனார். அடுத்து வந்த ஃபர்னிவாலுக்கு உற்சாகம் அதிகம், ஒழுங்கு குறைவு. 1879-இல் வேலை ஜேம்ஸ் மரேயின் கைக்கு வந்தபோது சாக்கு சாக்காக, ஏறக்குறைய இரண்டு டன் சீட்டு வந்து இறங்கியது. ஒரு சாக்கில் செத்த எலி. இன்னொன்றில் குட்டிகளோடு உயிருள்ள சுண்டெலி. எச் எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் கிடைத்தன.

எலியை விட மோசமான சங்கதி சீட்டுகளுக்குள் இருந்தது. அப்யூஷன் என்று வழக்கொழிந்த சொல் ஒன்று உண்டு. அதற்கு ஐம்பது சீட்டு வந்திருந்தது. தினம் எல்லார் வாயிலும் புழங்கும் அப்யூஸ் என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று மரே நொந்துகொண்டார். படிப்பவர் கண்ணில் விசித்திரம்தானே படும்? கல்யாணப் பந்தியில் பாயசத்தைப் பற்றிப் பேசுவார்கள், உப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அதே ஆண்டில் மரே புதிதாக வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார். சாதாரணச் சொற்களுக்கும் மேற்கோள் எடுங்கள் என்பது அதில் முக்கியம். அப்படியும் போதாமல், பல பொடிச் சொற்களுக்கான சான்றை அலுவலகத்தார் தாங்களே உட்கார்ந்து தேட வேண்டியிருந்தது.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மரே மில் ஹில் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது போட்ட தகரக் கொட்டகையில் வேலை தொடங்கியது. 1885-இல் ஆக்ஸ்போர்டு, பான்பரி சாலை 78-ஆம் எண் வீட்டுத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. பக்கத்து வீட்டுப் பேராசிரியருக்குப் பார்வை மறைகிறது என்பதால் அங்கே தரையைத் தோண்டி, கொட்டகையைப் பாதி புதைத்தார்கள். குளிரில் மரே தடித்த கோட்டோடு, கால்களை ஒரு பெட்டிக்குள் விட்டுக்கொண்டு எழுதினார். பத்து ஆண்டில் முடிப்பதாக ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டில் வெளிவந்த முதல் பகுதி ‘ஆண்ட்’, அதாவது எறும்பு, வரைதான் வந்திருந்தது.

அவருடைய பதினோரு பிள்ளைகளும் சீட்டு அடுக்கிக் கைச்செலவுக்குக் காசு வாங்கினார்கள். மகள் ராஸ்ஃப்ரித் பிறகு அகராதியிலேயே முழுநேர வேலைக்குச் சேர்ந்தார். எடித் தாம்சன் என்ற பெண்மணியும் அவர் தங்கையும் சேர்ந்து 15,000 மேற்கோள் அனுப்பினார்கள், அச்சுப்படியும் திருத்தினார்கள். அகராதி முடிந்ததற்காக 1928 ஜூனில் லண்டனில் பிரதமர் பால்ட்வின் கலந்துகொண்ட விருந்து வைத்தார்கள். பந்தியில் ஆண்கள் மட்டும். ராஸ்ஃப்ரித்தும் எடித்தும் மாடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

செட் என்ற சொல், மரேயோடு பதிப்பாசிரியராக இருந்த ஹென்றி பிராட்லியின் பங்காக வந்தது. ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி விற்கும் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்துகொண்டே தானாகப் பல மொழி படித்தவர். முதல் பகுதிக்கு 1884-இல் அவர் எழுதிய மதிப்புரையைப் பார்த்துத்தான் மரே அவரைக் கண்டுகொண்டார். அப்பா மடியில் விரித்த பைபிளை எதிரே நின்று பார்த்தே படிக்கப் பழகியதால், சிறுவயதில் புத்தகத்தைத் தலைகீழாக வைத்தால்தான் அவருக்குப் படிக்க வருமாம்.

சீட்டுகளைப் பொருள் வாரியாகக் குவித்து, ஒவ்வொரு குவியலையும் ஆண்டு வரிசையில் அடுக்கிய பிறகு, எந்தக் குவியலிலிருந்து எது பிறந்தது என்று வம்சாவளி போட வேண்டும். பழைய ஆங்கிலத்தில் உட்கார்வது சிட்டன், உட்கார வைப்பது செட்டன். நமக்கு இரு, இருத்து இல்லையா, அந்த உறவு. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் பாதி தெளியும். மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, கோழியை அடை வைப்பது, கடிகாரத்தில் மணி வைப்பது, ஈய எழுத்தை அச்சுக்குக் கோப்பது எல்லாமே ஏதோ ஒன்றை அதன் இடத்தில் இருத்துவதுதான். சிமெண்ட் இறுகுவதும் பொழுது சாய்வதும் யாரும் இருத்தாமல் தானே இருந்துகொள்வது. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட் வேறு குடும்பம். பின்பற்றுவோரைக் குறித்த செக்டா என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒலி ஒன்றாகிப்போனதால் செட்டனின் வாரிசோடு கலந்துவிட்டது. இன்றைக்கு டீ செட் என்னும்போது அதில் எந்தக் குடும்பத்து ரத்தம் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் செட் என்ற வினை 60,000 சொற்களை எடுத்துக்கொண்டது. ஒரு நாவல் அளவு. தனி வினைக்கு 430 பொருள், தொடர்களையும் சேர்த்தால் 580. அதற்கு மேல் ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை என்று சாதனைப் புத்தகத்தில் போட்டார்கள். பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்த ஆரம்பித்ததும் முதலில் மேக் முந்தியது, அதைப் புட் முந்தியது. 2011-இல் ரன் வந்து 645 பொருளோடு உட்கார்ந்தது. அந்த ஒரு வினையோடு அகராதிக்காரர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். எனக்கு இதில் வியப்பில்லை. மில் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, சினிமா ஓடுகிறது. எந்திரம் வந்த ஊரில் ஓட்டத்துக்குத்தானே கிராக்கி?

எங்கள் ஆபீசில் 580-க்கெல்லாம் இடமில்லை. மாணவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பது எங்கள் அகராதியை நடத்திய பேராசிரியரின் கணக்கு. ஆனால் நான் கார்டு எழுதும்போதெல்லாம் காதில் வேறு செட் விழுந்துகொண்டே இருக்கும். தெருமுனையில் மைக் செட், வயலில் பம்புசெட், ஓட்டலில் செட் தோசை, எங்கள் செட்டில் படித்த பையன், அவளுக்கும் மாமியாருக்கும் செட்டாகாது. அவற்றையும் தனியாக ஒரு கட்டாக எழுதி அவர் மேசையில் வைத்தேன்.

“இது நம்ம அகராதியிலே வராதும்மா. இதெல்லாம் தமிழ். தமிழ் அகராதிக்காரங்ககிட்டே குடு” என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மேல் கார்டைப் படித்துவிட்டு, “இது இங்கிலீஷ் ஆச்சேம்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.