ஹகோனே வரை தள்ளிப்போன கேள்வி

1990 மார்ச்சில், இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்த இந்திய அமைதிப்படையின் கடைசி அணிகள் திருகோணமலையில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஏறக்குறைய 1,200 வீரர்களை இழந்து திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் அதே படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த விமர்சகர்களுக்கு நினைவில் இருந்ததா, தெரியவில்லை.

1987 ஜூலை 29இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பொது மன்னிப்பு இருந்தது. ஆயுதங்களை ஒப்படைக்க 72 மணி நேரக் கெடு இருந்தது. பொதுமக்கள்மீது கைவைப்பவரை விசாரிக்கத் தனி அமைப்பு மட்டும் இல்லை.

2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நார்வே முன்னின்று முடித்த போர் நிறுத்த ஒப்பந்தம் கொஞ்சம் தேறியது. சித்திரவதை, ஆட்கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல் எல்லாம் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். ஆனால் நார்டிக் நாட்டுக் கண்காணிப்புக் குழுவுக்குப் புகாரைப் பதிவு செய்யவும் இன்னார் மீறினார் என்று சொல்லவும்தான் அதிகாரம். தண்டிக்கவோ தடுக்கவோ வழியில்லை. 1.8 பிரிவின்படி மற்ற தமிழ்க் குழுக்களின் ஆயுதங்களை அரசு களைய வேண்டும். வேறு பிரிவுகளின்படி புலிகளின் அரசியல் பிரிவினர் அரசுப் பகுதிக்குள் வந்துபோகலாம். ஆயுதமிழந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துப்போவதும் நிற்கவில்லை. ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் சிக்கிய வீடுகளுக்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் திரும்ப முடியவில்லை. அழுத்திக் கேட்டால் யாராவது மேசையை விட்டு எழுந்துவிடுவார்களோ என்று நடுவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த மேசையில் இல்லை என்பதுதான் என் குறை.

எல் சால்வடாரின் உள்நாட்டுப் போரை முடித்த பேச்சில் வரிசையே வேறு. அரசும் கெரில்லாக்களும் 1990 ஜூலையில் முதலில் மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐ.நா. பார்வையாளர்கள் 1991 ஜூலையிலேயே, சண்டை ஓயுமுன், வந்து இறங்கினார்கள். இறுதி உடன்படிக்கை வந்தது 1992 ஜனவரியில்தான்.

இலங்கையிலோ ஆம்னஸ்டியின் முன்னாள் பொதுச்செயலாளர் இயன் மார்ட்டினின் மனித உரிமைத் திட்டம் 2003 மார்ச்சில், ஜப்பானின் ஹகோனே நகரில் நடந்த ஆறாம் சுற்றில்தான் பேச்சுக்கு வந்தது. ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சை நிறுத்திவைத்தார்கள். இரு தரப்பும் மறுபடி நேருக்கு நேர் அமர்ந்தது 2006 பிப்ரவரியில், ஜெனீவாவில். அதற்குள் 2005 ஆகஸ்டில் கொழும்பில் வெளியுறவு அமைச்சர் கதிர்காமரும், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் மட்டக்களப்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கமும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். எதிரெதிர் அணிகளில் நின்ற அந்த இருவருமே தமிழர்கள்.

(தொடரும்)