பொடி எழுத்தின் சரித்திரம்

1981ஆம் வருஷம் ஆகஸ்டில் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரின் உறுப்புகளில் பெரும்பாலானவை வெளிச் சந்தையில் வாங்கிச் சேர்த்தவையாகவே இருந்தபடியால், அதைப் போன்ற இயந்திரங்களைக் காம்பாக் முதலிய பிற கம்பெனிகளும் செய்து விற்கத் தொடங்கியபோது, அமெரிக்க விளம்பரக்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. ஐபிஎம்மோடு இணக்கமானது என்று சொல்லாவிட்டால் சரக்கு விலைபோகாது; சொன்னாலோ பிறர் பெயரைக் கையாண்ட குற்றம் வந்து சேரக்கூடும். ஆகவே, மேலே கொட்டை எழுத்தில் இணக்கத்தைப் பறைசாற்றிய அதே பக்கத்தின் அடியில், ஐபிஎம் என்பது இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ் கார்ப்பரேஷனின் பதிவு பெற்ற வியாபாரச் சின்னம் என்னும் வாக்கியம், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கும்படியான பொடி எழுத்தில் இடம்பெறலாயிற்று. போட்டியாளனின் உடைமையைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளும் அந்த வரியை நான் மரியாதைக்குரியதாகவே கருதுகிறேன்.

பெயருக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு எண்ணுக்குக் கிடைக்கவில்லை. 386 என்னும் தன் சில்லின் எண்ணைத் தனிச் சொத்தாக்க இன்டெல் கம்பெனி செய்த முயற்சி 1991இல் நீதிமன்றத்தில் தோற்றது. 1993இல் வந்த புதிய சில்லுக்கு எண்ணை விடுத்துப் பென்டியம் என்று நாமகரணம் செய்தார்கள்.

மானிட்டர் விளம்பரங்களின் கதையோ வேறு. படக்குழாயின் மூலைக்கு மூலை அளவைத்தான் அவை பெரிதாகக் கூறின. குழாயின் விளிம்பைச் சட்டம் மறைத்துவிடுவதால், 15 அங்குலத்துக்குப் பணம் கொடுத்தவன் வீட்டில் கண்டது சுமார் 13.8 அங்குலமே. இது வாங்குபவனுக்கு இழைத்த அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. 1990களில் கலிபோர்னியாவில் வழக்குகள் எழுந்த பிறகே, கண்ணுக்குப் புலப்படும் அளவையும் சேர்த்து அச்சிடுவது வழக்கமாயிற்று.